நாற்பத்தோராவது தகவல்

அத்தியாயம் பதினேழு

மயிலிட்டியில் நாகலிங்கம் வீட்டு அடுப்பு ஐந்து நாளாக ஒரு வேளைகூடத் தவறாமல் எரிகிறது.

சாப்பிடுவதற்காக என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய மனைவி இராசமலர் விடியும் முன்பே எழுந்து காய்ந்த பனங்கொட்டை ஊமலும் பாளையும் வைத்து மூட்டிவிடுகிறார். சோறு வேகிறது, கறி கொதிக்கிறது, மத்தியானம் அப்படியே நாய்க்குப் போகிறது. யாருடைய தொண்டையிலும் எதுவும் இறங்குவதில்லை. ஆனாலும் கூரைக்கு மேலே புகை தெரிய வேண்டும். செத்த வீட்டில்தானே அடுப்பு மூட்டுவதில்லை. அயலார் இடியப்பப் பெட்டியோடு வாசற் படலைக்கு வந்தால், "எங்கடை வீட்டிலை சமைச்சாச்சு" என்று அங்கேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார். வெளியிலிருந்து சாப்பாடு வருவதும் செத்த வீட்டுக்குத்தான்.

இந்த வீட்டுக் கதையை இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. நாகலிங்கத்துக்கும் இராசமலருக்கும் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் சுபாங்கன், கடலுக்குப் போகிறவன். இளையவள் நிவேதனா, யாழ்ப்பாண நகரில் கணினி வேலை பார்க்கிறவள். போன வியாழக்கிழமை காலை, புயல் எச்சரிக்கை வந்த பிறகும், கடலில் போட்டிருந்த வலையை எடுத்துவரச் சுபாங்கன் போனான். கூடப் போனவன் கோகுலன். நாலு வீடு தள்ளியிருக்கும் குணலட்சுமியின் ஒரே பிள்ளை. "மத்தியானத்துக்கு முதல் வந்திடுவம்" என்று சுபாங்கன் தன் மனைவி ஆரபியிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். புயல் அன்று மாலையே வந்துவிட்டது. அவர்கள் வரவில்லை. இன்று செவ்வாய்.

நிவேதனாவும் அவளைப் போன்ற சிலரும் மூன்று வருடமாக ஒரு பொது வரைபடத்தில் குடாநாட்டை வரைந்து வந்தார்கள். ஒழுங்கைச் சந்துகள், மதகுகள், நல்ல தண்ணீர்க் கிணறுகள், வெள்ளம் நிற்கும் பள்ளங்கள் எல்லாம் அதில் உண்டு. யாரும் பார்க்கலாம், யாரும் எடுத்துப் பாவிக்கலாம், பிழை கண்டால் யாரும் திருத்தலாம். ஒருவரிடமும் கைகட்டி நிற்கத் தேவையில்லை.

நாகலிங்கத்துக்கு இது அறவே பிடிக்காது. "எல்லாத்தையும் எல்லாருக்கும் எழுதிக் குடுக்கிற பிள்ளை ஒண்டு எனக்கு வந்து வாய்ச்சிருக்கு" என்பார். ஊர்க் கிணறுகளை அவள் அதில் குறித்த நாளிலிருந்து மகளோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அது எட்டாம் அத்தியாயத்து வழக்கு, இப்போது வேண்டாம்.

புயல் அடித்தபோது அந்த வரைபடத்தின் மேலேயே அவர்கள் இன்னொரு பக்கம் திறந்தார்கள். அதற்கான மென்பொருளும் யாரோ எங்கோ எழுதி உலகத்துக்குப் பொதுவாக விட்டதுதான். எவரும் தொலைபேசியிலிருந்து தகவல் அனுப்பலாம். இந்த வீதியில் இடுப்பளவு தண்ணீர், அந்தப் பள்ளிக்கூடத்தில் நூறு பேர், இங்கே ஒரு நோயாளி. தென்மராட்சியில் கூரையில் ஏறி நின்ற முப்பது குடும்பங்களை வள்ளங்கள் தேடிப் போனது அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான். அதற்காகப் பெருமைப்பட நிவேதனாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. வெள்ளி காலை தன் அண்ணனின் படகையே அவள் அதில் பதிய வேண்டியிருந்தது.

கடலில் காணாமற்போன படகைத் தேடுவதென்றால், அது கடைசியாக எங்கே நின்றது என்று முதலில் தெரிய வேண்டும். அந்த ஒரு புள்ளியைக் கொடுத்தால் போதும். எல்லாருக்குமாக வெளியிடப்படும் காற்று, நீரோட்டத் தரவுகளை எடுத்து, படகு மணிக்கு மணி எங்கே அடித்துச் செல்லப்பட்டிருக்கும் என்று கணித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று உண்டு. நோர்வேயிலிருந்து தேனுஜன் என்ற பொறியியலாளன் அதை இயக்கினான். நிவேதனாவை அவன் நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஐந்து நாளாக அவளுக்காகக் கண் மூடவில்லை.

"அண்ணை எங்கை போனவர் அப்பா?" என்று வெள்ளி காலை அவள் கேட்டாள்.

"பெரிய பாருக்குத்தான்," என்றார் நாகலிங்கம்.

பார் என்றால் கடலுக்கு அடியில் மீன் தங்கும் கல்மேடு. போரால் ஊரை விட்டு இருபத்தேழு வருடம் வெளியே கிடந்தபோதும் நாகலிங்கம் மறக்காத இடம் அது. அதன் எண்கள் நிவேதனாவிடம் இருந்தன. இரண்டு வருடத்துக்கு முன், பழைய ஜி.பி.எஸ். கருவியின் திரை மங்கத் தொடங்கியபோது, அதிலிருந்த அறுபத்துமூன்று இடங்களையும் தங்கையின் கணினிக்கு மாற்றிவைத்தவன் சுபாங்கன்தான். அவள் பெயரைத் தேடினாள். 'பெரிய பார்' இருந்தது. புள்ளியைப் போட்டாள்.

தேனுஜனின் கணக்கு வடமராட்சி கிழக்குக் கரையோரமாக ஒரு நீள்சதுரத்தைக் கீறிக் கொடுத்தது. கப்பலும் விமானமும் ஊர்ப் படகுகளும் நாலு நாளாக அதற்குள்ளேதான் தேடின.

●

காலை ஒன்பது மணி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. உள்ளே நிவேதனாவும் அவளுடைய மடிக்கணினியும். வாசலில் கிடந்த மர வாங்கில் ஆரபியும் குணலட்சுமியும்.

இந்த இரண்டு வீட்டுக்கும் முன்பு அவ்வளவு பேச்சுவார்த்தை கிடையாது. வெள்ளிக்கிழமை குணலட்சுமி வந்து இந்த வாங்கில் அமர்ந்து ஆரபியின் கையைப் பிடித்தவர்தான், இன்னும் விடவில்லை. தேத்தண்ணி குடிக்கும்போதுகூட ஒருவர் இடக்கையாலும் மற்றவர் வலக்கையாலும் குடிக்கிறார்கள். "இண்டைக்கு வருவினம் எண்டு மனம் சொல்லுது பிள்ளை" என்று குணலட்சுமி ஒவ்வொரு காலையும் சொல்வார். "ஓம் மாமி" என்பாள் ஆரபி. இன்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

தேடுதலுக்குப் பொறுப்பான அதிகாரி வந்து தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் நல்ல மனிதர். ஐந்து நாளாக அவரும் சரியாகச் சாப்பிடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"தங்கச்சி, நீங்கள் தந்த இடத்தை மூண்டு தரம் முழுசாப் பாத்தாச்சு. இண்டையிலை இருந்து விமானம் இஞ்சை இல்லை. வன்னியிலை குளம் உடைஞ்சு கிடக்கு. உயிரோடை இருக்கிற ஆக்களைப் பாக்க வேணும்."

அவர் வேண்டுமென்று சொன்ன சொல் அல்ல அது. ஆனாலும் நிவேதனா சட்டென்று வாசலைப் பார்த்தாள். ஜெனரேட்டர் சத்தத்தில் வாங்கில் இருந்தவர்களுக்கு அது கேட்டிருக்கவில்லை. அந்தப் பாழ்பட்ட ஜெனரேட்டருக்கு அவள் மனதுக்குள் நன்றி சொன்னாள்.

"தெற்குப் பக்கம் இன்னும் கொஞ்சம் கூட்டிப் பாக்கேலாதோ ஐயா? இண்டைக்கு ஒரு நாள் மட்டும்."

"எனக்கு மேலை இருக்கிறவைக்குக் காட்ட ஒரு படம் தாங்கோ. எங்கை துவங்கினது, எப்பிடிப் போனது எண்டு எல்லாம் தெரியிற மாதிரி. கேட்டுப் பாக்கிறன்."

இதுவரை அவள் படகுகளுக்குக் கொடுத்ததெல்லாம் நாலு மூலையின் நாலு எண்கள் எழுதிய துண்டுதான். கடலோடிகளுக்குப் படம் எதற்கு, எண்ணைக் கருவியில் அடித்தால் போதும். இன்று முதல் தடவையாக முழு வரைபடத்தையும் அச்செடுத்தாள். கரை, பருத்தித்துறை வெளிச்சவீடு, தொடங்கிய புள்ளி, அதிலிருந்து இழுபட்டுப் போகும் கோடுகள், கடைசியில் நீள்சதுரம். தாள் சூட்டோடு வந்து மேசையில் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து நாகலிங்கம் உள்ளே வந்தார்.

விடியற்காலையில் போன மனிதர், படகுக்கு எண்ணெய் எடுக்கக் கரைக்கு வந்திருந்தார். இடுப்பில் கட்டிய சாரம் நனைந்து காலோடு ஒட்டிக் கிடந்தது. கண் இரண்டும் உப்பில் சிவந்திருந்தன. அறுபத்துமூன்று வயதில் நாலு நாள் தொடர்ந்து கடலில் நிற்பது என்பது விளையாட்டு அல்ல. வெள்ளி காலை அந்தப் பதிலுக்குப் பிறகு அப்பாவுக்கும் மகளுக்கும் இடையில் நடந்த பேச்சு ஒரே ஒரு சொல்தான். அவர் "எங்கை?" என்பார். அவள் துண்டை நீட்டுவாள். அவர் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

"எங்கை?" என்றார்.

அவள் படத்தை அவர் பக்கம் தள்ளினாள். அவர் குனிந்து பார்த்தார். விரல் வெளிச்சவீட்டைத் தொட்டு, கிழக்கே நகர்ந்து, ஓர் இடத்தில் நின்றது.

"உது என்ன புள்ளி?"

"அண்ணை நிண்ட இடம். பெரிய பார்."

"ஆர் சொன்னது?"

"நீங்கள்தானே அப்பா சொன்னனீங்கள்."

"நான் பேர்தானே சொன்னனான். உந்த நம்பர் எங்காலை?"

"அண்ணையின்ரை மெஷினிலை இருந்தது."

நாகலிங்கம் விரலை எடுக்கவில்லை. அதிகாரி அவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெளியிலை வா," என்றார் நாகலிங்கம்.

●

கட்டடத்துக்குப் பின்னால் ஐஸ் அறை. புயலில் அதன் தகரம் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. நாகலிங்கம் முதலில் இந்தப் பக்கம் பார்த்தார், பிறகு அந்தப் பக்கம் பார்த்தார். பெற்ற பிள்ளை கடலில் கிடக்கிற நேரத்திலும் அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

"மெஷினிலை இருக்கிறது பொய் நம்பர்."

நிவேதனாவுக்கு விளங்கவில்லை.

"நாங்கள் ஒரு நாளும் சரியான நம்பரை அடிக்கிறேல்லை பிள்ளை. கிழக்கு நம்பரிலை பதினாலைக் கழிச்சுப்போட்டுத்தான் அடிக்கிறது. கடலிலை நிக்கேக்கை மனசுக்குள்ளை திருப்பிக் கூட்டிக்கொள்ளுவம். மெஷினை ஆரும் களவெடுத்தாலும், திருத்தக் குடுக்கிற இடத்திலை கொப்பி பண்ணினாலும், அவங்கள் போய் வெறுங்கடலிலைதான் வலை போடுவாங்கள்."

"எல்லா இடமுமோ?"

"அறுபத்திமூண்டும்."

"ஏன் பதினாலு?"

"உன்ரை அண்ணை பிறந்த திகதி."

கிழக்கு எண்ணில் பதினாலு என்றால் ஏறக்குறையப் பதினாலு கடல் மைல். உண்மையான பார் அவ்வளவு தூரம் கிழக்கே, ஆழ்கடல் பக்கம். கரையோரத்தில் ஓடுகிற நீரோட்டம் அங்கே இல்லை, அங்கே ஓடுவது வேறு. நாலு நாள், மூன்று தரம், எத்தனை படகு, எத்தனை பேர். அத்தனை பேரும் சுபாங்கன் ஒருபோதும் போகாத தண்ணீரை அரித்து அரித்துத் தேடியிருக்கிறார்கள். தேடச் சொன்னவள் அவள்.

அவளுக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம்.

"அம்மாக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"மச்சாளுக்கு?"

"ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் அவனுக்கும்தான்."

இடங்களைக் கணினிக்கு மாற்றிய அன்று சுபாங்கன் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. "எங்கடை முழுச் சொத்தையும் உன்னட்டைத் தந்திருக்கிறன், கவனம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். என்னை நம்புகிறான் என்றுதான் அந்தச் சிரிப்புக்கு அவள் இரண்டு வருடமாகப் பொருள் வைத்திருந்தாள். உள்ளேயிருந்த அறுபத்துமூன்றும் பொய் என்று தெரிந்து சிரித்திருக்கிறான். கூடப் பிறந்தவளுக்கும் அவன் அந்த ஒரு எண்ணைச் சொல்லவில்லை.

"நாலு நாளா கடலிலை நிண்டனீங்களே அப்பா. பிழையான இடம் எண்டு உங்களுக்குத் தெரியேல்லையோ?"

நாகலிங்கம் கிழிந்த தகரத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"ஏன் இவ்வளவு கரைக்குள்ளை தேடுறம் எண்டு முதல் நாளே யோசிச்சனான். கேக்க வாயெடுத்தனான். பிறகு, படிச்ச பிள்ளை காத்தும் நீரோட்டமும் பாத்துக் கணக்குப் போட்டுத்தானே சொல்லுது, எனக்கென்ன தெரியும் எண்டு விட்டிட்டன். நான் ஒரு நாளும் உன்ரை சொல்லைக் கேட்டதில்லைப் பிள்ளை. இந்த முறைதான் கேட்டனான்."

கோபம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லாமல் போயிற்று.

"சரியான நம்பரைச் சொல்லுங்கோ," என்றாள்.

அவர் சொன்னார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகு, "எழுது. எல்லாருக்கும் தெரியிற மாதிரி எழுது," என்றார்.

இரண்டடி நடந்தவர் திரும்பினார். "அந்தப் பழைய புள்ளியை அழிக்கலாமோ?"

"ஏலாது அப்பா. ஆர் போட்டது, எப்ப போட்டது, எப்ப மாத்தினது எல்லாம் அதிலை கிடக்கும். ஒருத்தரும் ஒண்டையும் மறைக்கக் கூடாது எண்டுதான் அதை அப்பிடிச் செய்திருக்கு."

"அப்ப என்ரை பேரைப் போடு. நீ போட்டதெண்டு கிடக்க வேண்டாம்."

"போட்டது நான்தானே," என்றாள் நிவேதனா.

●

பத்து மணிக்குத் துறைமுகத்தில் நின்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டார்கள். மயிலிட்டியில் இனி அதை ஆயுளுக்கும் கதைப்பார்கள்.

பெரிய பார் எங்கே இருக்கிறது என்று சொந்தத் தம்பி கேட்டும் வாய் திறக்காத நாகலிங்கம், அலைதடுப்பு அணையில் ஏறி நின்று அதன் எண்களை உரத்த குரலில் வாசித்தார். ஒரு தரம் அல்ல, மூன்று தரம். எழுதத் தாள் இல்லாதவர்கள் உள்ளங்கையில் எழுதினார்கள். ஒருவரும் அவரைக் கேலி செய்யவில்லை. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வருடக்கணக்காக அவர் படகின் பின்னால் ஓடியவர்கள்தான் முதலில் இயந்திரத்தை முடுக்கினார்கள். புதிய நீள்சதுரம் வரும்வரைகூடப் பொறுக்காமல் ஏழு படகுகள் கிளம்பின. சிறிய படகுகள் மாலைக்குள் அவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் போனார்கள்.

சங்கக் கட்டடத்தில் நிவேதனா தேனுஜனை அழைத்தாள். நோர்வேயில் அப்போது விடியவும் இல்லை.

"துவங்கின புள்ளி பிழை, தம்பி."

"எவ்வளவு பிழை அக்கா?"

சொன்னாள்.

"இருபது நிமிசம் தாங்கோ," என்றான். ஏன், எப்படி என்று அவன் கேட்கவில்லை. அதற்காகவே அவனைக் கும்பிட வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

இருபது நிமிடத்தில் புதிய படம் வந்தது. முல்லைத்தீவுக்கு நேரே, வெகு தூரத்தில், ஆழ்கடலில் ஒரு நீள்சதுரம். ஐந்து நாள் ஆகிவிட்டதால் அது பழையதைப் போல நாலு மடங்கு விரிந்து கிடந்தது. பழையதும் புதியதும் ஒரு மூலையில்கூடத் தொட்டுக்கொள்ளவில்லை.

அதிகாரி அதை நெடுநேரம் பார்த்தார். "இதை வெள்ளிக்கிழமையே..." என்று தொடங்கியவர், அவளுடைய முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

"நாளைக்குக் காலமை விமானம் கேட்டுப் பாக்கிறன், தங்கச்சி. கட்டாயம் கிடைக்கும் எண்டு சொல்ல மாட்டன்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். வாசலைத் தாண்டும்போது வாங்கில் இருந்த இருவரையும் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தபடி போனார். பெண்களுக்கு அது போதாதா. குணலட்சுமி எழுந்தார், அவர் கையோடு ஆரபியும் எழுந்தாள்.

அப்போதுதான் தேனுஜன் மறுபடி அழைத்தான்.

"அக்கா, வந்த தகவல் எல்லாத்தையும் புதுப் படத்துக்கு மேலை போட்டுப் பாத்தனான். நாப்பத்தோராவது புதுக் கோட்டிலையே விழுது, திறந்து பாருங்கோ."

புயல் நாளிலிருந்து கடல் சம்பந்தமாக மட்டும் இருநூறுக்கு மேல் தகவல் வந்திருந்தன. பாதிக்கு மேல் வீண். சனிக்கிழமை யாரோ 'படகு மிதக்கிறது' என்று அனுப்ப, ஆறு படகுகள் அரை நாளைத் தொலைத்துப் போய்ப் பார்த்தால், அது பனங்குற்றி. அன்றைக்கு நிவேதனா ஒரு விதி வகுத்தாள். நீள்சதுரத்துக்கு வெளியே இருந்து வரும் தகவல்களுக்கு ஆள் அனுப்பி மினக்கெடுவதில்லை, பார்த்ததும் மூடிவிடுவது. அந்த விதியில் குறை சொல்ல ஏதும் இல்லை. நீள்சதுரம் சரியாக இருந்திருந்தால்.

நாற்பத்தொன்றைத் திறந்தாள்.

'சனி காலை ஏழு மணி. முல்லைத்தீவுக்குக் கிழக்கே. கவிழ்ந்த நிலையில் வெள்ளை நிற சிறு படகு. ஆள் தெரிந்தது. கடல் கொந்தளிப்பால் நெருங்க முடியவில்லை. யாகோப்பு, குருநகர்.' கீழே இட எண்களும் ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தன.

அதற்கும் கீழே, சாம்பல் நிற எழுத்தில்: 'தேடும் எல்லைக்கு வெளியே. மூடப்பட்டது. நிவேதனா. ஞாயிறு காலை 6.12.'

ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தான் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. இருபது முப்பது தகவலை ஒரே மூச்சில் மூடிய நேரமாக இருக்கலாம். இதை அவள் வாசித்தாளா என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. தன் அண்ணனை மூடிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறாள்.

அந்த எண்ணுக்கு அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"யாகோப்பு அண்ணையோ? நான் மயிலிட்டியிலை இருந்து கதைக்கிறன். சனிக்கிழமை ஒரு போட்டைக் கண்டதெண்டு அனுப்பியிருந்தனீங்கள்."

"இப்பதான் எடுக்கிறியளோ, தங்கச்சி." அவர் குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. "நான் பலநாள் மீன்பிடிக் கலத்தை ஓட்டுற தண்டையல். திருகோணமலைக்கு ஒதுங்க ஓடிக்கொண்டிருந்தனாங்கள். சிக்னல் கிடைச்ச உடனை, பின்னேரமே அனுப்பினனான். ஒரு சொல்லும் திரும்பி வரேல்லை. ஆரும் எடுத்துக் காப்பாத்தியிருப்பினம் எண்டு மனசைத் தேத்திக்கொண்டு இருந்தனான்."

நிவேதனா அந்தத் தகவலின் இட எண்களைத் தாளில் எழுதினாள்.

"கிட்டப் போகேலாமல் போச்சோ அண்ணை?"

"ரண்டு தரம் திருப்பினனான். எங்களிலை ஆறு பேர். இரண்டாந்தரம் எங்கடை கலமே பிரளப் பாத்தது. தண்ணிக் கான் ஒண்டைக் கயித்திலை கட்டி எறிஞ்சம். எட்டேல்லை. நான் ஞாயிறு பூசைக்கும் போகேல்லை, தங்கச்சி. போய் நிக்க முகம் வரேல்லை."

"எத்தினை பேர் நிண்டவை?"

"ஒராள்."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை. ரண்டு பேர் போனவை."

"மூண்டு நாளா அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன். கவிண்ட போட்டுக்கு மேலை குப்புறப் படுத்திருந்தவர். எங்களைக் கண்டிட்டு ஒரு கையை உயர்த்தினவர். உயிர் இருந்தது. ஆனா ஒராள்தான். சுத்திச் சுத்திப் பாத்தம், மற்றவரைக் காணேல்லை."

"ஆளை ஏதும்... பெடியனோ, கொஞ்சம் வயசு வந்தவரோ? என்ன சட்டை?"

"முகம் தெரியேல்லை. மேலிலை சட்டை இல்லை."

அவள் தொலைபேசியை இறக்கினாள்.

கதவடியில் ஆரபியும் குணலட்சுமியும் நின்றார்கள். எப்போது வந்தார்கள் என்று தெரியாது. ஐந்து நாளும் பிடித்திருந்ததுபோலவே கையைப் பிடித்திருந்தார்கள். வெளியே, நாலு நாள் களைப்பைச் சொல்லி மற்றவர்கள் படகில் ஏறவிடாமல் நிறுத்திய நாகலிங்கம் அணையில் நின்று, போன படகுகள் மறைந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இராசமலர் மூட்டிய அடுப்பின் புகை ஊருக்குள் மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது.

"ஆரும் கண்டவையாமோ?" என்று ஆரபி கேட்டாள்.

"ஓம். சனிக்கிழமை. உயிரோடை."

குணலட்சுமியின் முகம் ஐந்து நாளுக்குப் பிறகு மலர்ந்தது. "என்ரை முருகா" என்று மற்றக் கையால் நெஞ்சைத் தொட்டார். "ரண்டு பேரையுமோ பிள்ளை?"

ஓம் என்று சொல்லிவிடலாம். நாளைக் காலைவரைக்கும் அது போதும். விமானம் வருகிறதோ இல்லையோ, இந்த இரண்டு பேரும் இன்றைக்கு ஒரு வாய் சோறாவது தின்பார்கள். ஆனால் ஒரு பொய் எண் என்ன செய்யும் என்று அவள் அன்று காலைதான் கண்டிருந்தாள்.

"ஒராளை," என்றாள் நிவேதனா.

யாரை என்று இருவரும் கேட்கவில்லை. ஐந்து நாளாகப் பிடித்திருந்த கைகள் விட்டுப் போயின. யார் முதலில் விட்டது என்பதை நிவேதனா பார்க்கவில்லை.